உளவு அமைப்பின் தலைவருக்கு முதலில் வேண்டியது காது

உளவு அமைப்புகளின் தலைவர்களுக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று எழுதுகிறவர்கள் தரும் பட்டியல் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். துணிச்சல், ரகசியம் காக்கும் திறன், வேகமான முடிவு, ஆட்களை எடைபோடும் கண், பதறாத மனசு, தேசப்பற்று. தனியார் நிறுவனம் என்றால் தேசப்பற்று இருந்த இடத்தில் 'கிளையண்ட் உறவு' வந்து உட்கார்ந்துகொள்ளும். சில வருஷங்களாக இந்த விஷயத்தை ஒரு சொந்த ஆராய்ச்சியாகப் படித்து வருகிறேன். விசாரணைக் கமிட்டி அறிக்கைகள், ஓய்வுபெற்ற அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகள், ஹேக்கிங் தாக்குதலுக்குப் பிறகு கம்பெனிகள் வெளியிடும் விளக்கங்கள் என்று கையில் கிடைத்ததையெல்லாம். படிக்கப் படிக்க இந்தப் பட்டியல் மேல் சந்தேகம்தான் வளர்கிறது. மிகப் பெரிய தோல்விகளைச் சந்தித்த தலைவர்களிடமும் இந்தக் குணங்கள் எல்லாம் இருந்தன. சிலரிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தன.

மென்பொருள் துறையில் பக் தேடும்போது சீக்கிரமே கற்றுக்கொள்கிற ஒரு பாடம் உண்டு. ஒழுங்காக ஓடுகிற சர்வரிலும் விழுந்துபோன சர்வரிலும் ஒரே மாதிரி இருக்கிற ஒரு விஷயத்தை மட்டும் வைத்து, ஏன் ஒன்று விழுந்தது என்று விளக்க முடியாது. அதே மாதிரி, ஜெயித்தவரிடமும் தோற்றவரிடமும் இருக்கும் துணிச்சல் நமக்கு எதையும் விளக்காது. வித்தியாசம் வேறு எங்கேயோ இருக்கிறது.

என் கணிப்பு இது: தலைவர் நம்புவதற்கு எதிரான ஒரு செய்தி, கீழே இருக்கும் ஒருத்தரிடமிருந்து கிளம்பி, முடிவெடுக்கிறவரின் மேஜை வரைக்கும் உயிரோடு வந்து சேருகிறதா? அதற்கான வழியைத் திறந்து வைக்கிறவர் நல்ல தலைவர். மற்ற குணமெல்லாம் அப்புறம். இரண்டு நாட்டு அரசு அமைப்புகளையும் இரண்டு தனியார் நிறுவனங்களையும் வைத்து இதைப் பரிசோதித்துப் பார்க்கலாம்.

1973: சந்தேகமே இல்லாமல் பேசியவர்

1973 அக்டோபரில் இஸ்ரேலின் ராணுவ உளவுத்துறைத் தலைவராக இருந்தவர் எலி செய்ரா. புத்திசாலி, தன்னம்பிக்கை மிகுந்தவர், மேலதிகாரிகள் முன்னால் தடுமாறாமல் பேசுகிறவர். வழக்கமான பட்டியலை வைத்து மார்க் போட்டால் நல்ல மார்க்கே வாங்கியிருப்பார். தலைமைத் தளபதிக்குத் தெளிவான, இரண்டுங்கெட்டான் இல்லாத மதிப்பீட்டைத் தருவதுதான் தன் கடமை என்று நம்பியவர்.

அப்போது அவருடைய துறையில் ஒரு கோட்பாடு ஆட்சி செய்தது. இஸ்ரேலின் விமானத் தளங்களைத் தாக்கக்கூடிய தொலைதூர விமானங்களும் ஏவுகணைகளும் கைக்கு வரும்வரை எகிப்து போருக்கு வராது. எகிப்து இல்லாமல் சிரியா தனியாக வராது. இது வெறும் ஊகம் கிடையாது. எகிப்தின் மேல்மட்டத்திலிருந்து வந்த நல்ல தகவல்களை வைத்துக் கட்டியதுதான். ஆனால் எகிப்து அதிபர் சதாத் பிற்பாடு மனசை மாற்றிக்கொண்டார். கோட்பாடு மாறவில்லை.

1973 மே மாதத்தில் ஒரு ஒத்திகை நடந்தது என்றே சொல்லலாம். போர் வரும் என்ற எச்சரிக்கை வந்தது. தலைமைத் தளபதி டேவிட் எலாசர் படைகளை உஷார்படுத்தினார். செய்ரா, 'வராது' என்றார். வரவில்லை. அவர் சொன்னது பலித்துவிட்டது. அந்த ஒரு வெற்றிதான் அக்டோபரில் பெரிய வினையாக முடிந்தது என்று நினைக்கிறேன். ஒரு தடவை சரியாகச் சொன்னவரை அடுத்த தடவை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் சூயஸ் கால்வாய் ஓரம் எகிப்துப் படைகள் குவிந்தன. எகிப்து அதைப் 'பயிற்சி' என்றது. இஸ்ரேலின் தெற்குக் கட்டளையில் பெஞ்சமின் சிமன்-டோவ் என்ற ஓர் இளம் லெப்டினன்ட், அக்டோபர் 1-ஆம் தேதியும் 3-ஆம் தேதியும் இரண்டு குறிப்புகள் எழுதினார். இந்தப் பயிற்சி போருக்கான திரையாக இருக்கலாம் என்பது சாரம். அவருடைய மேலதிகாரி அதை அனுப்பவில்லை. தலைமையகத்தின் கருத்துக்கு அது முரணாக இருந்தது. கவனியுங்கள், செய்ரா அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடவில்லை. அதைப் பார்க்கவே இல்லை. மேலே என்ன கேட்க விரும்புகிறார்கள் என்று கீழே எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், தலைவர் எதையும் தடுக்க வேண்டிய அவசியம் இல்லை. தடுப்பு தானாகவே நடக்கும்.

சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் அவசரமாக விமானம் ஏறின. அதற்குப் பிறகும் போருக்கான வாய்ப்பு குறைவு என்றுதான் ராணுவ உளவுத்துறை மதிப்பிட்டது. மொசாத் தலைவர் ஸ்வி சமீர் அந்த நேரத்தில் தானே லண்டனுக்குப் போனார். அக்டோபர் 5 இரவு, நாசரின் மருமகன் அஷ்ரஃப் மர்வானை நேரில் சந்தித்து, மறுநாள் போர் என்ற செய்தியை வாங்கி அனுப்பினார். 6-ஆம் தேதி மதியம் 2 மணிக்குத் தாக்குதல் தொடங்கியது. கையில் கிடைத்தது சில மணி நேரம்தான். இஸ்ரேல் தரப்பில் மட்டும் 2,500-க்கும் மேற்பட்டோர் அந்தப் போரில் செத்தார்கள்.

அக்ரனாட் கமிஷன் செய்ராவைப் பதவியிலிருந்து நீக்கச் சொன்னது. எலாசரையும் குற்றம் சொன்னது. பிரதமர் கோல்டா மெய்ரையும் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயானையும் மட்டும் மென்மையாக விட்டுவிட்டது. இதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஓர் அமைப்பின் மதிப்பீட்டை மட்டும் நம்பி நாட்டை நடத்துவது என்று முடிவு செய்தவர்கள் அரசியல் தலைவர்கள்தானே? காது கேட்காத உளவுத் தலைவரை உருவாக்கியதில், ஒரே குரலை மட்டும் கேட்டு நிம்மதியாக இருந்தவர்களுக்கும் பங்கு உண்டு.

அதே நாடு, 50 வருஷம் கழித்து

1973-க்குப் பிறகு இஸ்ரேல் அமைப்பைத் திருத்தியது. பொது மதிப்பீட்டுக்கு எதிராக வாதாடுவதற்கென்றே ராணுவ உளவுத்துறைக்குள் ஒரு தனிப் பிரிவை வைத்தார்கள். மொசாத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் சொந்தமாக ஆய்வு செய்யும் வசதியைப் பலப்படுத்தினார்கள். காகிதத்தில் பார்த்தால் அருமையான திருத்தம். மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இன்றும் பாராட்டிச் சொல்கிறார்கள்.

சரியாக 50 வருஷமும் ஒரு நாளும் கழித்து, 2023 அக்டோபர் 7 வந்தது. ஹமாஸின் தாக்குதல் திட்டம் ஒரு வருஷத்துக்கு முன்பே இஸ்ரேல் கையில் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் பிறகு வெளியிட்டது. ஜூலையில், சிக்னல் உளவுப் பிரிவான 8200-இன் அனுபவமுள்ள ஒரு பெண் ஆய்வாளர், ஹமாஸ் நடத்திய பயிற்சி அந்தத் திட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று எச்சரித்தார். காசா டிவிஷனின் ஒரு கர்னல் அதை ஏற்கவில்லை. எல்லையில் கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் பெண் சிப்பாய்களும் வித்தியாசமான நடமாட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சுமார் 1,200 பேர் அந்த ஒரு நாளில் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு காசாவில் நடந்ததை இந்தக் கட்டுரையில் அடக்க முடியாது. ராணுவ உளவுத் தலைவர் அஹரோன் ஹலிவா 2024 ஏப்ரலில் ராஜினாமாவை அறிவித்தார்.

எதிர்வாதப் பிரிவு இருந்தது, அதற்கான பதவிகளும் நடைமுறைகளும் இருந்தன. இருந்தும் 1973-இன் லெப்டினன்ட் கதையே வேறு பெயர்களில் திரும்ப நடந்தது. நம்ம துறையில் கோட் ரிவ்யூ கட்டாயம் என்று டூலில் செட்டிங் போட்டுவிடலாம். ரிவ்யூ செய்கிறவர் உண்மையிலேயே படிக்கிறாரா என்பதற்கு எந்த செட்டிங்கும் கிடையாது. அதை அந்த டீமின் தலைவர்தான் நடத்திக் காட்ட வேண்டும்.

கார்கில்: கடிதம் யாருக்குப் போனது?

இஸ்ரேலை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. நம்ம வீட்டுக் கதையும் இருக்கிறது.

கார்கில் போருக்குப் பிறகு 1999 ஜூலையில் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவின் தலைவர் கே. சுப்ரமணியம். திருச்சியில் பிறந்தவர், இந்தியப் பாதுகாப்புச் சிந்தனையின் பிதாமகர் என்று சொல்லத்தக்கவர், ஒரு காலத்தில் கூட்டு உளவுக் குழுவுக்கே தலைவராக இருந்தவர். அவருடைய குழுவின் அறிக்கை புத்தகமாகவே வெளிவந்திருக்கிறது. அதில் ஒரு பகுதியை, அலுவலகத்தில் மெயில் அனுப்பும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

1998 ஜூன் 2-ஆம் தேதி, உளவுத்துறை இயக்குநர், அதாவது ஐபி தலைவர், எல்லைக்கு அந்தப் பக்கம் நடக்கும் விஷயங்களைப் பற்றித் தன் கையெழுத்திலேயே ஒரு கடிதம் அனுப்புகிறார். பிரதமருக்குப் போகிறது. உள்துறை அமைச்சர், கேபினட் செயலாளர், உள்துறைச் செயலாளர், ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் எல்லோருக்கும் போகிறது. யாருக்குப் போகவில்லை? வெளிநாட்டு உளவுக்குப் பொறுப்பான 'ரா' செயலாளருக்கு. எல்லாத் தகவலையும் சேர்த்து மதிப்பிட வேண்டிய கூட்டு உளவுக் குழுத் தலைவருக்கு. ராணுவ உளவுத்துறையின் தலைமை இயக்குநருக்கு. அந்தத் தகவலை வைத்து அடுத்த வேலையைச் செய்யக்கூடிய மூன்று பேருக்கும் நேரடியாகப் போகவில்லை. மேலே போனது தானாகவே கீழே இறங்கி அவர்களுக்குச் சேரும் என்று எதிர்பார்த்ததாக இயக்குநர் குழுவிடம் சொன்னார். 'ரா' செயலாளருக்கு அது சேரவில்லை. அப்போது கூட்டு உளவுக் குழுவின் தலைமையைக் கூடுதல் பொறுப்பாக வைத்திருந்ததும் அவர்தான்.

அந்த இயக்குநரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. முக்கியம் என்று உணர்ந்துதான் பிரதமர் வரைக்கும் எழுதினார். ஆனால் மேலே சொல்லியாச்சு, என் கடமை முடிஞ்சாச்சு என்ற மனநிலை இருக்கிறதே, அது பக்கத்து அறையில் இருப்பவரை மறக்க வைத்துவிடுகிறது. காது என்று நான் சொல்வதில் இதுவும் சேரும்: என் செய்தியை யார் காதில் போட வேண்டும் என்ற அறிவு.

இன்னொரு இடம். 'ரா'வின் 1998 செப்டம்பர் வரையிலான அரையாண்டு மதிப்பீட்டில், பாகிஸ்தான் தரப்பிலிருந்து வரையறுக்கப்பட்ட ஒரு வேகமான தாக்குதல் வரலாம் என்ற எச்சரிக்கை இருந்தது. அதற்கு ஆதாரமான அறிகுறிகள் எதுவும் தரப்படவில்லை என்கிறது குழு. 1999 மார்ச் வரையிலான அடுத்த அறிக்கையில் அந்த எச்சரிக்கையே காணாமல் போனது. பாகிஸ்தானின் பணக் கஷ்டம் அதைத் தடுக்கும் என்ற வாதம் முன்னால் வந்தது. கோட் எழுதுகிறவர்களுக்கு இது பழகின வலி. ஒரு எச்சரிக்கைச் செய்தியை ஒருத்தர் சேர்க்கிறார், இன்னொருத்தர் நீக்குகிறார். சேர்த்ததற்கு என்ன ஆதாரம், நீக்கினபோது என்ன மாறியிருந்தது என்று கேட்பது தலைவரின் வேலை.

கடைசியில் ஊடுருவலை முதலில் பார்த்துச் சொன்னது யார்? 1999 மே தொடக்கத்தில் படாலிக் பகுதி மலைகளில் ஆடு மேய்க்கிறவர்கள். இந்தியத் தரப்பில் 500-க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிர் கொடுத்துத்தான் அந்த உச்சிகளை மீட்டார்கள்.

சுப்ரமணியம் குழுவின் மேலும் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. அந்த அறிக்கை அமைப்பின் ஓட்டைகளை நேர்மையாக அடுக்குகிறது. அதன் தொடர்ச்சியாகத்தான் பாதுகாப்பு உளவு முகமை போன்ற புது அமைப்புகள் பிறந்தன. ஆனால் தலைமையைப் பற்றிப் பேச வேண்டிய இடங்களில் 'அமைப்பு' என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றுகொள்கிறது. குழுவுக்குத் தரப்பட்ட வேலை அவ்வளவுதான், ஆட்களை விசாரிக்கும் சட்ட அதிகாரமும் அதற்கு இல்லை என்பது உண்மை. அப்படியென்றால் அந்தக் கேள்வியைக் கேட்க இன்னொரு குழு வந்திருக்க வேண்டும். இஸ்ரேல் ஆட்களைத் தண்டித்து அமைப்பையும் திருத்தியது, நாம் அமைப்பை மட்டும் திருத்தினோம். 'அடுத்த தலைவரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?' என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை.

தனியார்: காசு கொடுப்பவருக்குப் பிடித்த எண்

தனியார் உளவில் இந்த நோய்க்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. பில் கட்டுகிறவருக்கு எது பிடிக்கும் என்று தெரியும்.

ஆலன் பிங்கர்ட்டன் அமெரிக்காவின் புகழ்பெற்ற துப்பறியும் நிறுவனத்தை உருவாக்கியவர். 1861-இல் லிங்கனைக் கொல்ல சதி இருப்பதாகச் சொல்லி, அவரைப் பால்டிமோர் வழியாக ராத்திரியோடு ராத்திரியாக வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். துணிச்சலில் குறையே சொல்ல முடியாது. உள்நாட்டுப் போரில் ஜெனரல் மெக்கிளெல்லனுக்காக உளவு வேலை பார்த்தார். 1862 கோடையில் ரிச்மண்ட் அருகே எதிரணித் தளபதி லீயிடம் இருந்தது சுமார் 90,000 பேர். பிங்கர்ட்டன் தந்த கணக்கு 1,80,000. மெக்கிளெல்லன் வாஷிங்டனுக்குச் சொன்னது 2 லட்சம். எப்போதும் எச்சரிக்கையாக இருந்து, கூடுதல் படை கேட்டுக்கொண்டே இருந்த ஜெனரலுக்கு, பெரிய எண் வசதியாக இருந்தது. பிங்கர்ட்டனும் குறைத்துச் சொல்லவில்லை. 1863-இல் ஜெனரல் ஹூக்கர், ஜார்ஜ் ஷார்ப் என்ற வக்கீலை வைத்து ஒரு தகவல் பிரிவு தொடங்கினார். கைதிகள் சொன்னது, ஒற்றர்கள் சொன்னது, செய்தித்தாளில் வந்தது எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எண்ணிக்கை உண்மைக்கு மிக நெருக்கமாக வந்தது. புகழ் பிங்கர்ட்டனுக்கு, சரியான கணக்கு ஷார்ப்புக்கு.

நல்ல உதாரணம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் ஃபயர்ஐ என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தில், ஓர் ஊழியரின் கணக்கில் இரண்டாவதாக ஒரு போன் பதிவானது. சாதாரண அலெர்ட். புது போன் வாங்கியிருப்பார் என்று டிக்கெட்டை மூடியிருக்கலாம். பாதுகாப்புப் பிரிவில் ஒருத்தர் அந்த ஊழியரைக் கூப்பிட்டுக் கேட்டார். 'அது என்னுடையது இல்லை' என்று பதில் வந்தது. அந்த நூலைப் பிடித்துப் போனபோதுதான், தங்களுக்குள்ளேயே திருடன் நுழைந்திருப்பது தெரிந்தது. டிசம்பர் 8 அன்று தலைமை நிர்வாகி கெவின் மாண்டியா, எங்கள் கருவிகளே திருடுபோய்விட்டன என்று வெளிப்படையாக அறிவித்து, அவற்றைக் கண்டுபிடித்துத் தடுக்கும் வழிகளையும் இலவசமாகக் கொடுத்தார். பங்கு விலை உடனே பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. டிசம்பர் 13 அன்று சோலார்விண்ட்ஸ் மென்பொருளின் அப்டேட் வழியாகத்தான் எல்லாம் நடந்தது என்பது வெளிவந்தது. விஷம் கலந்த அப்டேட் சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை போயிருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது. அமெரிக்க நிதித்துறை உட்பட அரசு அலுவலகங்களும் அதில் அடக்கம்.

பூட்டு விற்கிறவன் வீட்டிலேயே திருட்டு என்று கேலி செய்தவர்கள் உண்டு. கேலி நியாயம்தான், திருடன் மாதக்கணக்கில் உள்ளே இருந்திருக்கிறான். ஆனால் ஒரு சின்ன அலெர்ட் மேலே வர முடிந்தது. மேலே இருந்தவர் அதைப் புதைக்காமல், தன் வியாபாரத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று தெரிந்தே ஊருக்குச் சொன்னார். அதனால் மற்றவர்கள் தப்பித்தார்கள்.

'எல்லா எச்சரிக்கையையும் கேட்டால் வேலை நடக்குமா?'

நியாயமான எதிர்க்கேள்வி. ஆன்-கால் டியூட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும், ராத்திரி முழுக்க அலெர்ட் அடித்துக்கொண்டே இருந்தால், நாலாவது நாள் உண்மையான அலெர்ட்டையும் தூக்கக் கலக்கத்தில் அணைத்துவிடுவோம். கார்கில் சமயத்திலும் தகவல் துண்டுகள் ஏராளமாக வந்துகொண்டிருந்தன. நடந்தது தெரிந்த பிறகு, எந்தத் துண்டு முக்கியம் என்று விரல் காட்டுவது சுலபம்.

அதனால் வடிகட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. வடிகட்டியில் தங்கியதை யாராவது அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும், அதைப் பார்க்கச் சொல்லும் அக்கறை தலைவரிடம் இருக்க வேண்டும். சிமன்-டோவின் குறிப்பு நிராகரிக்கப்பட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. நிராகரித்தேன் என்று ஒரு வரி மேலே போயிருந்தால் யாராவது 'ஏன்?' என்று கேட்டிருப்பார்கள்.

ஆகவே ஒரு உளவு அமைப்புக்கு, அரசோ தனியாரோ, தலைவரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் கேட்க வேண்டியவை என்று நான் நினைப்பது:

1. இவருடைய கருத்துக்கு எதிராகப் பேசிய இளையவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூலையிலா, பொறுப்பிலா?
2. 'என்ன தெரிந்தால் உங்கள் மதிப்பீட்டை மாற்றிக்கொள்வீர்கள்?' என்று கேட்டால் உடனே பதில் சொல்வாரா, கோபப்படுவாரா?
3. தெரிந்ததையும் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதும் பழக்கம் உண்டா?
4. மேலே மட்டும் எழுதுகிறவரா, பக்கத்துத் துறைக்கும் சொல்கிறவரா?
5. தனியார் என்றால்: பிடிக்காததைச் சொல்லி ஒரு வாடிக்கையாளரையாவது இழந்திருக்கிறாரா?

திருக்குறளில் ஒற்றாடல் 59-ஆவது அதிகாரம். ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொருவனை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறது. ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்க வேண்டும் என்கிறது. ஷார்ப் 1863-இல் பல வாய்களை ஒப்பிட்டுப் பார்த்ததும் இந்த வழியில்தான். இதெல்லாம் செய்தி சேகரிக்கும் முறை. ஆனால் காதுக்குக் கசக்கிற சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் குணத்தை வள்ளுவர் அங்கே வைக்கவில்லை. இருபது அதிகாரம் முன்னாலேயே, இறைமாட்சியில், ஆள்பவனுக்கான தகுதியாக வைத்துவிட்டார். உளவு அமைப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் 59-ஐ மேற்கோள் காட்டுகிறார்கள். 39-ஐயும் சேர்த்துப் படிக்கச் சொல்வதுதான் என் கோரிக்கை.